என் காலைக் கழுவியவர்களுக்கு

அன்புள்ள பங்கு மக்களே, அன்பியத்தாரே, வின்சென்ட் தே பவுல் சபைச் சகோதரர்களே, இயேசுவுக்கே புகழ்.

2024 டிசம்பர் முதல் வாரத்தில் வீட்டு முன்னால் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட ஏறியபோது ஏணி சறுக்கி விழுந்து என் வலது தொடை எலும்பு முறிந்ததும், அறுவை செய்து கம்பி வைத்ததும் உங்களில் பலருக்குத் தெரியும். நான்கு மாதம் பூசைக்குக்கூட வர முடியவில்லை. ஈஸ்டர் முடிந்து இப்போதுதான் தடி ஊன்றி வாசல்வரை நடக்கிறேன். இந்த மடலை எப்போதோ எழுதியிருக்க வேண்டும். நன்றி என்று மட்டும் எழுதினால் போதாது, கூடவே ஒன்றை ஒத்துக்கொள்ளவும் வேண்டும் என்று தோன்றியதால்தான் தள்ளிக்கொண்டே போனது.

சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழு, அவற்றுக்கு எதிரான புண்ணியங்கள் ஏழு என்று ஒப்பிப்போமே, அதில் முதல் சோடி அகங்காரமும் தாழ்ச்சியும். தாழ்ச்சி என்றால் முன்வரிசையில் போய் உட்காராமல் இருப்பது, செய்ததைச் சொல்லிக்காட்டாமல் இருப்பது, குனிந்து பிறருக்குச் செய்வது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அது தப்பு இல்லை. ஆனால் அதில் எப்போதும் செய்கிறவன் நானாகவே இருந்தேன்.

பத்தொன்பது வருடமாக, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில் இருக்கிறேன். 1833-இல் பாரிசில் பிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியது. ஏழைகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பையன்களைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனவர் ரோசலி என்ற கன்னியர். இன்றைக்கும் நாங்கள் இரண்டு பேராகத்தான் வீடு சந்திக்கப் போகிறோம். வாராந்திரக் கூட்டத்தில் ஒரு துணிப்பை சுற்றி வரும், யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருக்கிறவருக்குக்கூடத் தெரியாது. அது எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கம். ஆனால் படுக்கையில் கிடந்தபோதுதான் யோசித்தேன், கொடுக்கிற எங்கள் கையை மறைக்க ஒரு பை இருக்கிறது, வாங்குகிறவர்களின் வீட்டுக்கோ நாங்கள் பட்டப்பகலில் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு தெருவழியாகப் போனோம். வாசலில் நின்று கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினோம். எத்தனை வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், எத்தனை வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல்கூட நிறையவில்லை.

மருத்துவமனையில் முதல் வாரம் எனக்குப் பெரிய வேதனை கால்வலி இல்லை. படுக்கையிலேயே மலம் கழிக்க வேண்டும், அதை இன்னொருவர் எடுக்க வேண்டும். அந்த வார்டில் வேலை பார்த்த அக்காவுக்கு என் முதல் நன்றி. நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வேன். மூன்றாம் நாள் அவர், "என்னையப் பாருங்க சார், இது என் வேல, இதுல என்ன இருக்கு" என்று சாதாரணமாகச் சொன்னார். அன்றைக்குத்தான் அவர் முகத்தைப் பார்த்து நன்றி சொன்னேன். அக்கா, நீங்கள் வேற்று மதம், இந்த மடல் உங்கள் கண்ணில் படுமோ தெரியாது. உங்களுக்காகத் தினமும் செபிக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபிறகு, அக்கம்பக்கக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த நம் அன்பியத்துத் தம்பிகள் முறைவைத்து வந்து என்னைத் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டினார்கள். பொங்கல் அன்றும் வந்தார்கள். என் மனைவியின் இடுப்பு தப்பியது உங்களால்தான் தம்பிகளே.

அப்புறம், திருவிழாக் கணக்கு விஷயமாகப் பங்குப் பேரவையில் என்னோடு சண்டையாகி இரண்டு வருடம் பேசாமல் இருந்த சகோதரர். பெயர் போடக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். ஒருநாள் சாயங்காலம் வாக்கரோடு வந்து நின்றார். இறந்துபோன தன் அப்பா வைத்திருந்தது என்றார். கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, தினமும் வந்து நடை பழக்கினார். அந்தக் கூட்டத்தில் நான் சொன்ன சொல் தப்பு. எல்லோர் முன்னாலும் சொன்னது, அதனால் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னொருவர், எங்கள் சபையின் உதவிப் பட்டியலில் பல வருடமாக இருக்கும் பாட்டி. பிப்ரவரியில் ஆறு நாட்டுக்கோழி முட்டையைத் துணியில் பொதிந்து கொண்டுவந்தார். நான், "உங்களுக்கு ஏன் பாட்டி சிரமம், நீங்க கொண்டுபோய்ச் சாப்பிடுங்க" என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நீங்க கொண்டாந்தத நான் எத்தன வருசமா வாங்கிருக்கேன். நான் கொண்டாந்தத நீங்க வாங்க மாட்டீகளா சார்?"

வாங்கிக்கொண்டேன். அவரை உட்காரச் சொல்லி, அதில் இரண்டை அவித்து, ஆளுக்கொன்றாகச் சாப்பிட்டோம்.

அன்று ராத்திரி யோவான் நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். கால் கழுவுவது அந்தக் காலத்தில் வேலைக்காரர் வேலை, அதை ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்தார் என்று, ஈஸ்டருக்கு முன் வரும் ஒவ்வொரு பெரிய வியாழனும் பிரசங்கத்தில் கேட்கிறோம். நான் இந்தமுறை சீடர் பேதுருவிடமே நின்றுவிட்டேன். என் காலை நீர் கழுவவே கூடாது என்கிறார். கேட்க மரியாதை மாதிரி இருக்கிறது. ஆனால் நான் கழுவாவிட்டால் உனக்கு என்னோடு பங்கு இல்லை என்று ஆண்டவர் அவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறாரே. முட்டையைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேனே, அது பேதுரு பேசிய பேச்சுத்தான். ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் எழுந்து வெளியே போனது அதற்குப் பிறகு, அப்படியென்றால் அவன் காலையும் கழுவியிருக்கிறார். இதை வாசித்தபோது வாக்கர் கொண்டுவந்த சகோதரர் ஞாபகம் வந்தது, எங்கள் இருவரில் யூதாஸ் இடத்தில் இருந்தது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இந்த வருடம் பெரிய வியாழனுக்குப் பங்குத்தந்தை என்னையும், பூசையில் அவர் கால் கழுவும் பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்காரச் சொன்னார். 2016 ஜனவரியில் வத்திக்கான் ஆணை வந்தபிறகு பெண்களும் அதில் உட்காரலாம், எங்கள் வரிசையில் ஐந்து பெண்கள். என் வலது கால் வீங்கி, தோல் உரிந்து, பார்க்கவே ஒருமாதிரி இருந்தது. வேண்டாம் சாமி என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. சாமி தண்ணீரை ஊற்றி, துண்டால் ஒற்றி, குனிந்து முத்தமிட்டபோது நான் அழுதுவிட்டேன்.

அதே நாள், 2025 ஏப்ரல் 17, ரோமில் நம் திருத்தந்தை பிரான்சிஸ் சக்கர நாற்காலியில் ரெஜினா சேலி சிறைக்குப் போயிருந்தார். 2013-இல் பதவிக்கு வந்த கையோடு சிறார் சிறையில் போய் மண்டியிட்டுக் கால் கழுவியவர், இந்த வருடம் என்னால் கழுவ முடியவில்லை என்று கைதிகளிடமே சொன்னார். ஆனாலும் உங்கள் பக்கத்தில் இருக்க வந்தேன் என்றார். நான்கு நாளில் இறந்தும்போனார். முடியாததை முடியாது என்று சொல்லி, அப்படியே அவர்கள் முன்னால் போய் உட்கார்ந்தாரே, அந்தத் தாழ்ச்சியை என்னால் மறக்க முடியவில்லை.

சமைத்து அனுப்பிய வீடுகள், நற்கருணை கொண்டுவந்த சிஸ்டர், ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கவரில் பணம் வைத்துப் பெயர் எழுதாமல் போனவர், எல்லோருக்கும் நன்றி. ஜூன் முதல் மறுபடி வீடு சந்திப்புக்கு வருகிறேன். மெதுவாகத்தான் நடப்பேன், அதனால் வீடுகளைக் குறைத்துக்கொண்டு, போகிற வீட்டில் உட்காரலாம் என்று சகோதரர்களிடம் கேட்டிருக்கிறேன்.

அந்த வாக்கர் என்னிடம்தான் இருக்கிறது. உரியவர் திரும்ப வேண்டாம் என்கிறார், அடுத்துத் தேவைப்படுகிறவருக்குக் கொடுக்கச் சொன்னார். துடைத்து, அடியில் புது ரப்பர் போட்டு வைத்திருக்கிறேன். யாருக்கு வேண்டுமானாலும் கூச்சப்படாமல் கேளுங்கள்.