முகூர்த்த நாள்ல பிள்ளைகள ஸ்கூலுக்கு அனுப்புங்க

பெற்றோர்களுக்கும், பிள்ளைகள வளக்குற அப்பத்தா, ஐயாமாருக்கும் வணக்கம்.

ஆவணி முகூர்த்தம் ஆரம்பிச்சதுல இருந்து ஏழாவது எட்டாவது அட்டெண்டன்ஸ எடுத்துப் பாத்தா மனசே சரியில்ல. முகூர்த்த நாள் வந்தா பசங்க பெஞ்சு பாதி காலி, விசாரிச்சா எல்லாம் பந்திக்குப் போயிருக்கானுக, கானாடுகாத்தான்ல எந்த வீட்டுக் கல்யாணம், பள்ளத்தூர்ல எந்த மண்டபம்னு பிள்ளைகளே வரிசையா ஒப்பிக்கிறாங்க, இலை போட தண்ணி ஊத்தன்னு விடியக்காலம் மூணு மணிக்கே வேன் வந்து ஏத்திட்டுப் போகுதாம். மறுநாள் ஸ்கூலுக்கு வந்தாலும் டெஸ்க்ல தலைய வச்சு ஒரே தூக்கம். பன்னெண்டு பதிமூணு வயசுப் பிள்ளைக அதுக.

வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல. ஆனா 14 வயசுக்குள்ள இருக்குற பிள்ளைய வேலைக்கு வச்சா வச்சவருக்கு 6 மாசத்துல இருந்து 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 20,000 ரூபாயில இருந்து 50,000 வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்த்தும் போடலாம். கூட்டிட்டுப் போறவங்ககிட்ட இத நீங்களே சொல்லுங்க. வீட்ல அம்மா முறுக்கு சுத்துறப்ப ஸ்கூல் விட்டு வந்து பாக்கெட் போட்டுக் குடுக்குறது வேற, அத யாரும் தப்பு சொல்லல.

2009 கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறைல இருக்கு, 6லருந்து 14 வயசு வரைக்கும் பிள்ளைய ஸ்கூல்ல சேக்குறது பெத்தவங்க கடமைன்னு அதுல 10வது பிரிவு சொல்லுது. அனுப்பாத அப்பா அம்மாவுக்கு அபராதம்னு அந்தச் சட்டத்துல எதுவும் இல்ல, அதனால உங்கள மிரட்ட நான் இத எழுதல. ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் வருஷத்துக்கு 220 நாள் ஸ்கூல் நடக்கணும்னும் அதே சட்டத்துல இருக்கு. மாசம் ஆறு நாள் தானே லீவு சார்னு ஒரு அம்மா கேட்டாங்க, பத்து மாசத்துக்கு 60 நாள் ஆச்சு, 220ல 160 நாள் வந்தா 73 சதவீதம் கூட இல்ல. இதே பழக்கத்தோட பத்தாவது போனா பொதுத்தேர்வுக்கு 75 சதவீதம் கேக்குறப்ப என்ன பண்ணுவோம்?

நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கல், குன்றக்குடி பங்குனி உத்திரம் இதுக்கெல்லாம் கூட்டிட்டுப் போங்க, சாமி காரியம், ஒரு லீவு லெட்டர் போதும். ஒருநாள் திருவிழாவுக்கு நாலு நாள் மாமா வீட்ல தங்குறதுதான் பிரச்சனை. அப்புறம் தம்பி தங்கச்சிய பாத்துக்கன்னு பெரிய பொண்ண நிறுத்துறது. அரசுப் பள்ளில 6லருந்து 12 வரைக்கும் படிச்சுட்டு காலேஜ் போற பொண்ணுக்கு புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் வருது, அந்தப் பொண்ணு இங்க தொடர்ந்து படிச்சாதான அது கைக்கு வரும்.

எனக்கு லீவு கணக்க விட பெரிய பயம் ஒண்ணு இருக்கு. போன வருஷம் எட்டாவது பையன் ஒருத்தன் மூணு நாள் லீவுன்னு போனான், அது மூணு வாரம் ஆயிருச்சு. அப்புறம் தினமும் யூனிஃபார்ம் போட்டு பையத் தூக்கிட்டு ஸ்கூல் எதிர்ல டீக்கடை வரைக்கும் வந்து நின்னுட்டுத் திரும்பிப் போயிருக்கான், வீட்ல ஸ்கூலுக்குப் போறான்னு நெனச்சிருக்காங்க, டீக்கடை அண்ணன் சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் போய் தோள்ல கை போட்டதும் அழுதுட்டான். கணக்குல எல்லாரும் எங்கயோ போயிட்டாங்க சார், உள்ள வந்தா திட்டுவீங்கன்னு பயமா இருந்துச்சுன்னான். அவன் சோம்பேறி இல்லங்க, வெக்கம்.

அதனால பத்து நாள் இருபது நாள் வராத பிள்ளை வீட்ல இருந்தா நாளைக்கே கூட்டிட்டு வாங்க. அடிக்கக் கூடாது, மனசு நோகப் பேசக் கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டத்துல 17வது பிரிவே இருக்கு, இந்த ஸ்கூல்ல யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு. விட்ட பாடத்த சாயங்காலம் 5 மணி வரைக்கும் உக்காந்து சொல்லிக் குடுக்க கணக்கு டீச்சரும் நானும் இருக்கோம். காலைல கூட்டிட்டு வர முடியலன்னா மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு வாங்க, பிள்ளை எல்லாரோடயும் சாப்பிட்டுட்டு கிளாசுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்