கலவரத்துக்கு நியூட்டன் சாட்சியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் கலவரங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் நடுவில், 'ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு. கலவரமும் அப்படித்தான் வெடிக்கிறது' என்று நியூட்டனின் மூன்றாம் விதியைச் சாட்சிக்கு இழுக்கும் ஒரு வரி வருகிறது. அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. முப்பது வருடம் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தியவன் நான். இந்த மாதிரி வரியைப் பார்த்தால் கை இன்னமும் சிவப்புப் பேனாவைத் தேடுகிறது.

வகுப்பில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பையன் கேட்பான்: "குதிரை வண்டியை இழுக்கிற அளவுக்கே வண்டியும் குதிரையை இழுக்குதுன்னா, வண்டி எப்படி சார் நகரும்?" நல்ல கேள்வி. இரண்டு விசையும் ஒரே பொருள் மேல் விழுந்தால்தானே ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும்? ஒன்று வண்டி மேல், இன்னொன்று குதிரை மேல். யார் மேல் யார் செலுத்துகிற விசை என்று அம்புக்குறி போட்டுப் பார் என்பேன். போட்டுப் பார்த்ததும் புரிந்துவிடும்.

கலவரத்துக்கும் அதே அம்புக்குறியைப் போட்டுப் பாருங்கள். எங்கோ ஒருவன் ஒரு கொலை செய்கிறான். மூன்று நாள் கழித்து, அவன் முகத்தையே பார்த்திராத ஒருவருடைய வீடு எரிகிறது. நியூட்டனின் எதிர்வினை அதே கணத்தில் நடக்கும், தள்ளியவர் மேலேயே திரும்பும், அளவும் இம்மி பிசகாது. இங்கே மூன்றில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. போதாக்குறைக்கு, அந்த விதியில் எது வினை, எது எதிர்வினை என்பதே நம் சௌகரியத்துக்கு வைத்த பெயர். மாற்றிச் சொன்னாலும் தப்பில்லை. ஆகவே 'யார் முதலில் ஆரம்பித்தது' என்ற சண்டைக்கும் அது உதவாது. எனக்குப் பெரிய வருத்தம் வேறு. 'எதிர்வினை' என்று சொல்லிவிட்டால், மண்ணெண்ணெய் கேனைத் தூக்கி வந்தது யார், ஆட்களை ஏற்றிவர லாரி கொடுத்தது யார், போலீஸ் ஏன் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது என்ற கேள்விகளெல்லாம் சத்தமில்லாமல் காணாமல் போய்விடுகின்றன.

உவமையே கூடாது என்று சொல்ல வரவில்லை. மறைவெப்பத்தை, அதாவது வெப்பநிலையை ஏற்றாமல் உருக்குவதற்கே செலவாகிற வெப்பத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் பனிக்கட்டி முழுக்க உருக ஏறக்குறைய 80 கலோரி வேண்டும். அவ்வளவும் உள்ளே போய் முடியும்வரை வெப்பமானி அசையாது. ரிப்பேர் என்று நினைத்து மாணவர்கள் அதைத் தட்டிப் பார்ப்பார்கள். உருகி முடிந்த பிறகு இன்னொரு 80 கலோரி கொடுத்தால் அதே நீர் 80 டிகிரிக்கு ஏறிவிடும்.

கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் புனித நிக்கோலஸ் தேவாலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் அமைதிக்கான பிரார்த்தனை நடந்துவந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அதில் செய்தியே கிடையாது. 1989 அக்டோபர் 9 அன்று சுமார் 70,000 பேர் ஆட்சியை எதிர்த்து அந்நகரத் தெருவில் நடந்தார்கள். சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. திடீரென்று நடந்துவிட்டது என்று பலரும் எழுதினார்கள். நான் அந்த அசையாத வெப்பமானியைத்தான் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் இந்த உவமையும் ஓரளவுக்குத்தான். பனிக்கட்டியில் ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசமே இல்லை. கூட்டம் அப்படியா? 1978-இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுக் காட்டினார். சதுக்கத்தில் 100 பேர். ஒருவர் யாருக்கும் காத்திராமல் முதல் கல்லை எறிவார். அடுத்தவர், ஒருவர் எறிந்தால் எறிவார். அதற்கடுத்தவர், இரண்டு பேர் எறிந்தால். இப்படியே 99 வரை. 100 பேரும் இறங்கிவிடுவார்கள். இப்போது அந்த இரண்டாம் ஆளை மட்டும் மாற்றி, 'இரண்டு பேர் எறிந்தால்தான் நானும்' என்பவராக ஆக்குங்கள். ஒரே ஒரு கல்லோடு எல்லாம் முடிந்துவிடும். கூட்டத்தின் சராசரிக் கோபம் இரண்டு தடவையும் கிட்டத்தட்ட ஒன்றேதான். வெப்பநிலை என்பதோ சராசரியை அளக்கிற சங்கதி.

கட்டுரையாளர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சனை எப்படி விட்டார் என்று தெரியவில்லை. வானிலையைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும் என்று 1922-லேயே எழுதியவர். முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். அப்புறம் ஆயுதப் போட்டிக்கே சமன்பாடு எழுதினார். அடுத்த நாட்டின் ஆயுதக் குவிப்பைப் பார்த்து வரும் பயம், நம் செலவின் சுமை, பழைய மனக்குறை ஆகிய மூன்றுதான் அதில். பயம் சுமையை விஞ்சினால் இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டே போகும். முதல் உலகப் போருக்கு முந்தைய சில வருடங்களின் ராணுவச் செலவை இதோடு ஒப்பிட்டும் பார்த்தார். அத்தனையும் செய்துவிட்டு, மனிதர்கள் நின்று யோசிக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்பதை மட்டுமே இந்தச் சமன்பாடுகள் காட்டுகின்றன என்று அவரே சொல்லிவிட்டார். லைப்சிக்கில் அன்று இரவு ஆயுதத்தோடு படைகள் தயாராகத்தான் நின்றன. சுடவில்லை.

கட்டுரை தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். ஆயுதப் போட்டியைத் தொடும் பகுதியில் ரிச்சர்ட்சனுக்கு இரண்டு பத்தி ஒதுக்கச் சொல்லுங்கள். புத்தகமாக வந்தால், அந்த மூன்றாம் விதி வரியை மட்டும் எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்