“மூலபாஷையில் பார்த்தால்” என்று தொடங்கும் போதகர்களுக்கு

அன்புள்ள போதகர் ஐயாமாருக்கு, ஸ்தோத்திரம்.

போன மாதம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். 2 கொரிந்தியர் 8:9 வாசித்தார்கள். இயேசு ஐசுவரியமுள்ளவராயிருந்தும், நாம் ஐசுவரியவான்களாகும்படி நமக்காகத் தரித்திரரானார் என்கிற வசனம். “மூலபாஷையான கிரேக்கத்தில் இந்த ‘ஐசுவரியமுள்ளவர்’ புளூசியோஸ். அப்படியென்றால் கோடீஸ்வரன். விசுவாசித்துக் கொடுத்தால் நீங்களும் அப்படி ஆவீர்கள்” என்றார் பிரசங்கியார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இட்லிக்கடை அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். நாலாக மடித்திருந்த நூறு ரூபாய்த் தாளை நீவிக் காணிக்கைக் கவரில் போட்டார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

புளூசியோஸ் என்றால் செல்வமுள்ள என்று பொருள். சரிதான். செல்வத்தைக் குறிக்கும் ‘புளூட்டோஸ்’ என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வந்த பெயரடை அது. நம்முடைய ‘நல்ல’ யாருக்கு முன்னாலும் அப்படியே நிற்கும். கிரேக்கத்தில் பெண்பாலுக்குப் புளூசியா என்று ஆகும். வேற்றுமையும் எண்ணும் மாறினால் ஈறும் மாறும். ஆனால் எதில் செல்வம் என்பதை ஈறு சொல்லாது, வாக்கியம்தான் சொல்லும்.

எபேசியர் 2:4-ஐப் பாருங்கள். அங்கேயும் இதே ‘புளூசியோஸ் ஓன்’தான். ‘ஓன்’ என்பது ‘இருக்கிறவராய்’ என்ற எச்சம் மாதிரி. அங்கே நம் பழைய வேதாகமத்தில் “இரக்கத்தில் ஐசுவரியமுள்ளவராய்”. கொரிந்தியரில் “ஐசுவரியமுள்ளவராயிருந்தும்”. அந்த ‘உம்’ கிரேக்கத்தில் தனிச் சொல்லாக இல்லை. முன்பின் வாசித்து மொழிபெயர்ப்பாளர்கள் சேர்த்தது, சரியாகவே சேர்த்தார்கள். நீங்களும் அப்படி முன்பின் வாசிக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

கொரிந்தியருக்கு எழுதும் அந்த 8-ஆம் அதிகாரத்தில் பவுல் எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காக உதவி திரட்டுகிறார். அதற்கு முன்மாதிரியாகக் காட்டுவது மக்கெதோனியா சபைகளை. கொடிய தரித்திரத்தில் இருந்தவர்கள் அவர்கள். 2-ஆம் வசனத்தில் அவர்களுடைய தாராள மனசைத்தான் ‘புளூட்டோஸ்’ என்கிறார். தமிழில் அது “மிகுந்த உதாரத்துவமாய்” என்று வருவதால் அந்தச் சொல் அங்கே இருப்பதே நம் ஜனங்களுக்குத் தெரிவதில்லை. கிரேக்கம் தெரிந்த நீங்கள் எடுத்துக் காட்ட வேண்டிய இடம் அதுதான். கையில் காசில்லாதவர்களின் செல்வம் என்கிறாரே!

அப்புறம், இது பணத்தைப் பற்றிய பேச்சு என்றால் தச்சர் வீட்டில் வளர்ந்த இயேசு எந்தப் பணத்தை விட்டுவிட்டுத் தரித்திரரானார்? ‘தரித்திரரானார்’ என்பதற்குரிய கிரேக்க வினைச்சொல்லும் ‘ப்தோகோஸ்’, அதாவது பிச்சைக்காரன் என்ற சொல்லிலிருந்து வந்ததுதான்.

அடுத்த முறை 8:9-ஐ எடுத்தால், தயவுசெய்து முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். 2-ஆம் வசனத்தில் கொஞ்சம் நின்று, அங்கேயும் புளூட்டோஸ் இருக்கிறது என்று சொல்லுங்கள். அந்த அக்கா அதைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
பின்வரிசையில் உட்காரும் ஒரு விசுவாசி