மாரியப்பனுக்கு, அடுப்பைப் பொருத்தும் முன்

பீட்டர்பரோ, ஒன்டாரியோ
நவம்பர் முதல் வாரம்

அன்புள்ள மாரியப்பா,

உன் கடிதமும் வீட்டுப் படங்களும் கிடைத்தன. நோவா ஸ்கோஷியாவில், ட்ரூரோ பக்கம், நூறு வருஷத்துப் பழைய வீடு! வாசலில் தங்கச்சி செல்வி நிற்கிற படத்தை வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன். சங்கரன்கோவில் அம்மாவுக்கும் அனுப்பிவிட்டேன். "இவ்வளவு பெரிய வீட்டை அவள் ஒருத்தியா கூட்டிப் பெருக்குவாள்?" என்று கேட்டாள்.

மற்ற சேதியெல்லாம் அப்புறம். நானூறு டாலருக்குப் பழைய விறகு இன்சர்ட் ஒன்று (ஃபயர்ப்ளேஸ் என்கிற சுவர்க் கணப்புக்குள் பொருத்துகிற இரும்பு அடுப்பு) கிடைத்திருக்கிறது, நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து ஃபயர்ப்ளேஸுக்குள் தள்ளிவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்பு கொள்ளவில்லை. தள்ளி வைப்பதை வை. ஆனால் இந்தக் கடிதத்தை முழுசாகப் படிக்கும்வரை அதில் ஒரு தீக்குச்சிகூட உரசாதே.

ஏன் இப்படிச் சொல்கிறேன் தெரியுமா? நாங்கள் இந்த வீட்டை வாங்கியபோது ஃபயர்ப்ளேஸுக்குள் ஏற்கெனவே ஒரு இன்சர்ட் இருந்தது. கண்ணாடிக் கதவு, இரும்புப் பெட்டி, பார்க்க லட்சணமாக இருந்தது. விற்றவர் "நன்றாக எரியும்" என்று சொன்னார். எரியத்தான் செய்தது. ஒரு குளிர்காலம் முழுக்க எரித்தோம். அடுத்த வருஷம் காப்பீட்டை மாற்றப் போனபோது, விறகு அடுப்பு இருந்தால் 'வெட்' சான்றிதழ் பெற்றவர் பார்த்துத் தரும் அறிக்கை வேண்டும் என்றார்கள். விறகு அடுப்பு, புகைபோக்கி வேலை செய்கிறவர்களுக்கு இந்த நாட்டில் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தருகிற அமைப்பு அது. உங்கள் மாகாணத்திலும் அந்தச் சான்றிதழ் பெற்றவர்கள் இருப்பார்கள்.

வந்தவர் வயசானவர், நிதானமானவர். இன்சர்ட்டை முன்னால் இழுத்து வைத்துவிட்டு டார்ச்சை மேலே அடித்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். உள்சுவர் முழுக்கத் தார் பூசினாற்போல் கறுப்பாக மினுங்கியது. ஒரு இடத்தில் கம்பியால் தட்டினார். கறுப்புக் கண்ணாடிச் சில்லு மாதிரி ஒரு துண்டு விழுந்தது. என் உள்ளங்கையில் வைத்தார். எடையே இல்லை. "இது எரியும்" என்றார். அந்தப் புகைபோக்கியின் மறுபக்கச் சுவரை ஒட்டித்தான் மகளின் கட்டில் கிடந்தது. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

தப்பு எங்கே என்றால், அந்த இன்சர்ட்டுக்கு, புகைபோக்கிக்குள் விடுகிற லைனர் என்ற உள்குழாயே போடவில்லை. வெறும் பெட்டியைப் பொந்துக்குள் தள்ளிவிட்டு, புகை தன்பாட்டுக்குப் பழைய செங்கல் புகைபோக்கியில் ஏறிப் போகட்டும் என்று விட்டிருந்தார்கள். நீ இப்போது செய்யப்போவதும் அதேதான்.

திறந்த ஃபயர்ப்ளேஸில் தீ எரியும்போது பெரும்பாலான சூடு புகையோடு சேர்ந்து மேலே போய்விடும். விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு அறைக்குள் தங்கினாலே அதிகம். கூடவே வீட்டுக்குள் இருக்கிற சூடான காற்றையும் அது உறிஞ்சி வெளியே தள்ளும். அதனால்தான் தீக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது முகம் காய்கிறது, முதுகு குளிர்கிறது. இன்சர்ட் அப்படி இல்லை. மூடிய பெட்டி. காற்றை அளந்து விடும், புகையையும் உள்ளேயே எரிக்கும். இப்போது வருகிறவை விறகின் சூட்டில் 70 சதவீதம் வரைக்கும் வீட்டுக்கே தந்துவிடும். நல்லதுதான். ஆனால் சூட்டையெல்லாம் நாம் எடுத்துக்கொண்டால் மேலே போகிற புகை ஆறிப்போனதாகத்தானே இருக்கும்? அந்த ஆறின புகை, அகலமான குளிர்ந்த செங்கல் குழாய்க்குள் போனதும் வேகம் குறைந்து தயங்கும். குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பின் மேல் வியர்ப்பதுபோல, புகையில் இருக்கிற ஈரமும் தாரும் சுவரில் படியும். அதுதான் கிரியோசோட். ஒரு நாள் தீ கொஞ்சம் ஓங்கி எரிந்தால் அது பற்றிக்கொள்ளும். புகைபோக்கிக்குள் தீப்பிடித்தால் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகுமாம், ரயில் வருகிற மாதிரி இரைச்சல் கேட்குமாம். பழைய செங்கலில் ஒரு விரிசல் இருந்தால் போதும், பக்கத்திலிருக்கிற மரச்சட்டத்துக்குத் தாவிவிடும்.

இதற்கு மருந்து, இன்சர்ட்டின் வாயிலிருந்து புகைபோக்கியின் உச்சிவரை ஒரே குழாயாக எவர்சில்வர் லைனர் போடுவது. பெரும்பாலான இன்சர்ட்டுகளுக்கு 6 அங்குலம். அதைச் சுற்றிச் சூடு தாங்கும் போர்வை. குழாய் சின்னது, சூடாகவே இருக்கும், புகை தங்காமல் மேலே ஓடிவிடும். புகைபோக்கியின் அடியில் இருக்கிற பழைய தகட்டுக் கதவை வெட்டியோ கழற்றியோ எடுத்துவிட்டு, அந்த இடத்தில் லைனரைச் சுற்றி ஒரு தகட்டை அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அறைக்கு வரவேண்டிய சூடு புகைபோக்கிப் பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்களுக்கு அடுப்பைவிட லைனருக்கும் கூலிக்கும்தான் கூடுதலாகச் செலவானது. அதனால்தான் ஆட்கள் இதை விட்டுவிடுகிறார்கள். நீ விடாதே.

இன்னொன்று. உன் ஃபயர்ப்ளேஸ் செங்கல் வைத்துக் கட்டினதா, அல்லது பின்னால் யாராவது வாங்கிப் பதித்த தகரப் பெட்டியா என்று முதலில் பார். வீடு பழசு என்பதால் அதுவும் பழசாக இருக்க வேண்டும் என்றில்லை. தகரப் பெட்டியாக இருந்தால் கண்ட இன்சர்ட்டையும் அதற்குள் வைக்கக் கூடாது. அதற்கென்று சோதித்து ஒப்புதல் கொடுத்ததை மட்டும்தான் வைக்கலாம். நானூறு டாலர் இன்சர்ட்டின் முதுகிலோ பக்கத்திலோ ஒரு உலோகத் தகடு இருக்கிறதா பார். கனடாவுக்கு யூஎல்சி எஸ்628 என்ற தரத்தில் சோதித்ததாக அதில் இருக்க வேண்டும். தகடு இல்லையென்றால் காப்பீட்டுக்காரன் ஏற்றுக்கொள்வது கஷ்டம், பொருத்துகிறவரும் கை வைக்கத் தயங்குவார். அப்படியானால் நானூறு டாலர் போனாலும் பரவாயில்லை, இரும்புக்குப் போட்டுவிடு.

முன்னால் தரையில் தீப்பிடிக்காத கல்லோ ஓடோ கதவிலிருந்து 450 மில்லிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும். மேலே மரத்தில் ஒரு தட்டு இருப்பதைப் படத்தில் பார்த்தேன். அழகான வேலைப்பாடு. ஆனால் அது இன்சர்ட்டுக்கு எவ்வளவு மேலே இருக்க வேண்டும் என்பது ஒவ்வொரு அடுப்புக்கும் மாறும், அதன் புத்தகத்தில்தான் போட்டிருக்கும். கூரைக்கு மேலே, புகைபோக்கி வெளியே வருகிற இடத்திலிருந்து 3 அடியாவது உயரம் வேண்டும். சுற்றி 10 அடிக்குள் இருக்கிற எதையும்விட 2 அடி கூடுதலாக நிற்க வேண்டும். நகராட்சி அனுமதி, காப்பீட்டுக்காரனுக்குத் தகவல், இரண்டையும் வேலை தொடங்கும் முன்னாலேயே முடித்துவிடு.

சரி, விறகு. இதில் நாம் இரண்டு பேருமே பட்டறிந்தவர்கள். உங்கள் வீட்டுப் பரணில் விறகு அடுக்கியிருப்பார்களே, அடுப்புக்கு நேர் மேலே? புகையும் சூடும் பட்டுப்பட்டு அது காய்ந்துகொண்டே இருக்கும். ஐப்பசி அடைமழையில் ஊரெல்லாம் ஈரவிறகோடு மல்லுக்கட்டும்போது உங்கள் அம்மா ஒரே ஊதலில் பற்றவைப்பார்கள். எங்கள் அம்மா ஊதுகுழலும் கையுமாகக் கண்ணீர் வடிய உட்கார்ந்திருப்பாள். அந்தப் புகை எங்கள் அடுக்களை ஓட்டில் கறுப்பாகத் தொங்கியது நினைவிருக்கிறதா? இந்த ஊர்ப் புகைபோக்கிக்குள் படிகிறதும் அதே சரக்குதான். ஈரவிறகு எரியும்போது சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடுகிறது. தீ மந்தமாகிறது, புகை கூடுகிறது.

ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதை அளக்கச் சின்னக் கருவி ஒன்று கடையில் கிடைக்கும். கட்டையின் வெளிப்புறத்தில் குத்திப் பார்க்காதே, ஏமாற்றிவிடும். கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரிகிற உள்முகத்தில் குத்திப் பார். கருவி கையில் இல்லாவிட்டால் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டு. காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரமானது தொப்பென்று கேட்கும். நம் ஊர் விறகுக்கடையில் ஈரவிறகைக் கலந்து எடை போட்டுத் தருகிறானா என்று உன் அப்பா தட்டித் தட்டிப் பார்ப்பாரே, அதேதான். இங்கே எடைக்கு இல்லை, அளவுக்கு விற்கிறார்கள். முழு கார்டு என்றால் 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம், 128 கன அடி. ஃபேஸ் கார்டு என்பது கிட்டத்தட்ட அதில் மூன்றில் ஒரு பங்கு. எதற்கு விலை சொல்கிறான் என்று கேட்டுக்கொள். மேப்பிள், பிர்ச் மாதிரியான கட்டைகளைப் பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கத்தில் காற்றோட விட்டால் ஒரு வருஷத்தில் காயும். ஓக்குக்கு இரண்டு வருஷம் வேண்டும். இந்த நவம்பரில் வாங்கி இந்தக் குளிருக்கே எரிக்கலாம் என்று எவனாவது சொன்னால் கட்டையைப் பிளந்து பார்க்காமல் பணம் கொடுக்காதே.

கடற்கரையில் ஒதுங்குகிற கட்டைகள் உன் பக்கம் நிறையக் கிடக்கும். ஆசைப்படாதே. அதிலிருக்கிற உப்பு எவர்சில்வர் லைனரையே அரித்துவிடும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், மருந்து ஏற்றின மரம், அட்டைப்பெட்டி இவையும் வேண்டாம். தூரத்திலிருந்து விறகு ஏற்றி வராதே. ஆஷ் மரத்தைக் கொல்லுகிற பச்சை வண்டு 2002இல் இங்கே விண்ட்ஸரில் தெரிந்தது, 2018இல் உங்கள் ஹாலிஃபாக்ஸ் பக்கத்திலேயே வந்துவிட்டது. விறகோடு விறகாகத்தான் அது ஊர்விட்டு ஊர் போகிறது.

எரிப்பதில் ஒன்றே ஒன்று. ராத்திரி முழுக்கத் தாங்கட்டும் என்று கட்டையைத் திணித்துவிட்டுக் காற்றை அடைக்காதே. அதுதான் கிரியோசோட்டுக்குத் தாய்வீடு. கனமான கட்டை அடியில், சுள்ளி மேலே வைத்து, உச்சியில் பற்றவை. தீ மேலிருந்து கீழே இறங்கட்டும். கண்ணாடியில் கரி படியாமல் இருந்தால் நன்றாக எரிகிறது என்று அர்த்தம். அடுத்த கட்டை போடும்போது தணலை முன்னால் இழுத்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிஷம் காற்றை முழுசாகத் திறந்து வை. வருஷத்துக்கு ஒரு முறை புகைபோக்கியைத் துடைக்க ஆளைக் கூப்பிடு.

சாம்பல் விஷயத்தில் அசட்டையாக இருக்காதே. மூன்று நாளைக்கு முன்னால் அள்ளிய சாம்பலைக் கிளறினேன், உள்ளே செக்கச்செவேலென்று ஒரு கங்கு கண்ணைத் திறந்து பார்த்தது. மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வீட்டைவிட்டுத் தள்ளி, வெறும் மண்ணிலோ கல்லிலோ வை. மரத்திண்ணையில் வைக்காதே. காகிதப் பையில் கொட்டவே கொட்டாதே.

கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கும் அறைகளுக்குப் பக்கத்தில் கட்டாயம் வேண்டும். அந்த வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. 2008 டிசம்பரில் இங்கே உட்ஸ்டாக் ஊரில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு குடும்பமே போய்விட்டது. அவர்களுடையது கேஸ் ஃபயர்ப்ளேஸ்தான். புகை போகிற வழி அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் ஒன்டாரியோவில் 2013இல் ஹாக்கின்ஸ் கின்யாக் சட்டம் வந்தது. அடுக்களை எக்ஸாஸ்ட் மின்விசிறி வேகமாக ஓடும்போதும் புகை திரும்பி வீட்டுக்குள் வரலாம். பற்றவைக்கும்போது செல்வியிடம் சொல்லி அதை நிறுத்தச் சொல்.

இத்தனையும் சொல்கிற நானே ஏன் இன்னும் இதை வைத்திருக்கிறேன் என்று கேட்பாய். 2025 மார்ச் கடைசியில் இங்கே உறைமழை பெய்தது. மரக்கிளையெல்லாம் கண்ணாடிக் குழாய் மாட்டினாற்போல் ஆகி, ராத்திரி முழுக்கப் படார் படாரென்று ஒடிந்து விழுந்தன. ஆறு நாள் கரண்ட் இல்லை. வீட்டைச் சூடாக்குகிற கேஸ் ஃபர்னஸ் இருந்தும் அதன் விசிறிக்குக் கரண்ட் வேண்டுமே! இன்சர்ட்டின் விசிறியும் ஓடவில்லை. ஆனாலும் அந்த ஒரு அறை வெதுவெதுப்பாக இருந்தது. எல்லோரும் அங்கேயே பாய் விரித்துப் படுத்தோம். பக்கத்து வீட்டுப் பாட்டியையும் கூட்டி வந்து வைத்துக்கொண்டோம். சின்னவன் அடுப்பின் மேல் கெட்டிலை வைத்துச் சுக்குக் காபி போட்டான். ஃபியோனா புயலில் உங்கள் பக்கம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தார்கள் என்று நீ எழுதியிருந்தாய், அதனால் உன் ஆசை எனக்குப் புரிகிறது. மான்ட்ரியலில் 2018 அக்டோபரிலிருந்து புகை அதிகம் விடுகிற விறகு அடுப்புகளை எரிக்கவே கூடாது. ஆனால் கரண்ட் மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் மட்டும் எரிக்கலாம் என்று அவர்களும் விட்டு வைத்திருக்கிறார்கள். அந்தத் தடையும் எனக்குச் சரியாகவே படுகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மூச்சுத் திணறல் உண்டு. காற்று அசையாத நாட்களில் நான் எரிப்பதில்லை.

அம்மா நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலிதான். மகள் இந்த வருஷம் பன்னிரண்டாவது. அவள் கட்டிலை மட்டும் நான் இன்னும் அந்தச் சுவர்ப்பக்கம் திரும்ப வைக்கவில்லை.

நாளைக்கே மூன்று படம் அனுப்பு. ஃபயர்ப்ளேஸுக்குள் தலையை நுழைத்து, டார்ச் அடித்து மேல்நோக்கி ஒன்று. இன்சர்ட்டின் தகடு எழுத்துத் தெரிகிறபடி ஒன்று. வெளியே நின்று கூரையும் புகைபோக்கியும் சேர்ந்து தெரிகிறபடி ஒன்று. கூரை மேல் ஏறாதே, வழுக்கும். எனக்கு வேலை செய்துகொடுத்த பெரியவரிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன். டிசம்பர் விடுமுறைக்கு நாங்கள் வருகிறோம், அதற்குள் லைனர் போட முடியாவிட்டால் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
சுப்பையா