பில்லியன் என்பது எத்தனை கோடி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல், வணிக, வெளிநாட்டுச் செய்திகளில் 'பில்லியன்' என்ற சொல் அப்படியே எடுத்தாளப்படுவது குறித்து இதை எழுதுகிறேன். செய்தியின் மூலம் ஆங்கிலமாக இருக்கும்வரை இதனால் பெரிய கெடுதல் இல்லை. வாசகர் நூறு கோடி என்று கணக்கிட்டுக்கொள்வார். ஆனால் ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிய மூலங்களில் அதே சொல் லட்சம் கோடியைக் குறிக்கிறது. வேறுபாடு ஆயிரம் மடங்கு.

ஆயிரம் என்று பொருள்படும் 'மில்லே' என்ற லத்தீன் சொல்லிலிருந்து இத்தாலியர்கள் 'பெரிய ஆயிரம்' என்னும் கருத்தில் மில்லியனை உண்டாக்கினார்கள். அதன் முன்னே இரண்டைச் சுட்டும் லத்தீன் முன்னொட்டான 'பி' சேர்ந்த வடிவத்தை, மில்லியனை மில்லியனால் பெருக்கி வரும் தொகை என்று 1484-இல் விளக்கி எழுதியவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் நிக்கோலா ஷுகே. மில்லியனின் இரண்டாம் அடுக்கு என்பதால்தான் அந்த 'பி'. சொல்லும் பொருளும் அன்று பொருந்தியே நின்றன. பின்னர் பிரான்சிலேயே அது ஆயிரம் மில்லியனாகச் சுருங்க, அமெரிக்கா அந்தச் சுருங்கிய பொருளை ஏற்றுக்கொண்டது. அதன்பின் நடந்ததுதான் வேடிக்கை. பிரான்ஸ் 1961-இல் அதிகாரபூர்வமாகப் பழைய பொருளுக்கே திரும்பியது. அதுவரை பழைய பொருளை விடாமல் பிடித்திருந்த பிரிட்டனோ, 1974-இல் பிரதமர் ஹரோல்ட் வில்சன் நாடாளுமன்றத்தில் அளித்த பதிலின் வழியே அரசுப் பயன்பாட்டில் அமெரிக்கப் பொருளை உறுதிசெய்தது. ஆகவே பழைய பிரிட்டிஷ் நூல் ஒன்றிலிருந்து பில்லியன் கணக்கை எடுத்துக்காட்டுவோர், அந்நூல் வெளியான ஆண்டையும் பார்த்தாக வேண்டும்.

ஒரே மொழிக்குள்ளும் இந்தப் பிளவு உண்டு. போர்ச்சுகீசிய மொழியில் இச்சொல் பிரேசிலில் நூறு கோடி, போர்ச்சுகலில் லட்சம் கோடி.

ஒளியாண்டு என்பது ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். ஜெர்மன் நூல்கள் இதனை 9.46 பில்லியன் என்றே எழுதும். அதை ஆங்கிலப் பொருளில் எடுத்துக்கொண்டால் ஒளியாண்டு 946 கோடி கிலோமீட்டராகச் சுருங்கி, சூரியனுக்கும் நெப்டியூனுக்கும் உள்ள தொலைவைப் போல் சுமார் இரண்டு மடங்கு என்றாகிவிடும். அடுத்த விண்மீனோ நான்கு ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கிறது. ஸ்பானிய மொழியில் இன்னொரு பொறியும் உண்டு. 2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியை எட்டியதை ஸ்பானிய வழக்கில் 'எட்டாயிரம் மில்லியன்' என்பார்கள். எண்ணால் எழுதும்போது ஆயிரத்தைப் பிரிக்க அங்கே பெரும்பாலும் புள்ளி வைப்பதால், 8.000 மில்லியன் என்று அச்சாகும். அப்புள்ளியைத் தசமப் புள்ளியாக எண்ணிப் படிப்பவருக்கு உலக மக்கள்தொகை 80 லட்சம்.

'ட்ரில்லியன்' என்பதன் நிலையும் இதுவே. ஆங்கிலத்தில் ஒன்றுக்குப் பின் பன்னிரண்டு சுழியங்கள், ஜெர்மனில் பதினெட்டு.

லட்சத்துக்கும் கோடிக்கும் தமிழில் இந்தத் தடுமாற்றம் இல்லை. எனவே இத்தகைய தொகைகளைக் கோடியில் தருவதைத் தங்கள் ஆசிரியர் குழு ஒரு விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். மில்லியன், பில்லியன் என்றே பள்ளியில் படித்த இளைஞர்களுக்குக் கோடிக் கணக்கு சுற்றுவழியாகத் தோன்றும் என்ற மறுப்பு எழலாம், அது நியாயமானதே. அவர்களுக்காகப் பில்லியனை அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன், மூலம் எந்த மொழியில் இருந்தது என்பதை மொழிபெயர்ப்பாளர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்