எதைக் கடத்தினான் என்று கேட்கிறார்கள்

குமரி மாவட்டச் செய்தி ஆசிரியர்களுக்கும் நிருபர்களுக்கும்,

வணக்கம். 'இளம்பெண் கடத்தல், ஆட்டோ டிரைவர் சிக்கினார்' என்று போன மாதம் போட்டீர்களே, அந்த டிரைவர் என் சித்தப்பா மகன். அப்புறம் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். 23 வயதுப் பெண், நானாகத்தான் கிளம்பி வந்தேன் என்று நீதிபதி முன்னால் சொல்லிவிட்டுக் கட்டிக்கொண்டவனோடு போய்விட்டாள். இவன் சவாரி ஏற்றியவன், அவ்வளவுதான். அதை மட்டும் யாரும் போடவில்லை.

இப்போது அவனுக்குப் பெண் கேட்டுப் போனால் தரகர் போனை எடுத்து நீட்டுகிறார், ஆட்டோ நம்பர் பளிச்சென்று தெரிகிற உங்கள் படம். பெண்ணின் அப்பா கேட்கிறார்: "அரிசியா கஞ்சாவா, எதைக் கடத்தினான்?" அவரைச் சொல்லிக் குற்றமில்லை, களியக்காவிளை வழியாகக் கேரளாவுக்குப் போகும் ரேஷன் அரிசிக்கும் நீங்கள் அதே சொல்லைத்தானே போடுகிறீர்கள். எல்லை தாண்டினால் மலையாளப் பத்திரிகைக்காரர்கள் சரக்கென்றால் கள்ளக்கடத்து என்றும் ஆளென்றால் தட்டிக்கொண்டு போனார்கள் என்றும் பிரித்து எழுதுகிறார்கள். நமக்கு மூட்டையும் பெண்ணும் ஒன்று.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 137-ஆம் பிரிவின்படி 18 வயது நிரம்பாத பிள்ளையைக் காப்பாளர் சம்மதமில்லாமல் கூட்டிப்போனால் கடத்தல், பிள்ளையே இஷ்டப்பட்டு வந்தாலும்கூட. 18 தாண்டியவர் என்றால் 138, அதற்குக் கட்டாயப்படுத்தியோ ஏமாற்றியோ கொண்டுபோயிருக்க வேண்டும். தானாக ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தவளை யார் கடத்தினார்கள்? புகார் மட்டும் இருந்தால் 'கடத்தியதாகப் புகார்' என்று போடுங்கள், ஒரு சொல்தானே கூடும். அப்பா அம்மாவுக்குப் பிடிக்காத கல்யாணத்தையெல்லாம் கடத்தல் என்று எழுதி எழுதி, நிஜமாகவே ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன செய்தி வந்தாலும் 'ஏதோ காதல் விவகாரம்' என்று பக்கத்தைத் திருப்புகிற அளவுக்கு வாசகர்களைப் பழக்கிவிட்டீர்கள்.

திருத்தம் கேட்டு உங்களில் ஒருவருக்குப் போன் செய்தேன். "பார்க்கலாம்" என்றார், அதற்கப்புறம் நாளைக் கடத்துகிறார். இந்தக் கடத்தலுக்கு என்ன பிரிவு என்று தெரியவில்லை.

சரி, கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான். 18 வயது தாண்டியவர் தன் இஷ்டத்துக்குப் போனால் அதைக் கடத்தல் என்று எழுதாதீர்கள். வழக்கில் ஒன்றுமில்லை என்று ஆனால் அதையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். இவன் விஷயத்தில் இந்த வாரமே போட்டால் உபகாரமாக இருக்கும். படம் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகன்