சினர்ஜி என்றால் கணக்குக் காட்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரு நிறுவனங்கள் இணைகிற செய்தி வணிகப் பக்கத்தில் எப்போது வந்தாலும் 'சினர்ஜி' என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. இரண்டு சேர்ந்தால், தனித்தனியே தரும் பலன்களின் கூட்டலைவிட அதிகம் கிடைக்கும் என்பது அதன் பொருள். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் எனக்கு அது பழகிய சொல்தான். ஆனால் எங்கள் தொழிலில் அதைச் சும்மா சொல்லிவிட முடியாது.

பாக்டீரியா தொற்றுக்குத் தரும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். 400 மி.கி. சல்ஃபாமெத்தாக்சசோல், 80 மி.கி. ட்ரைமெத்தோபிரிம். பாக்டீரியா தான் பெருகுவதற்கு வேண்டிய ஃபோலேட் என்ற வைட்டமினைத் தயாரிக்கும் வழியில் முதல் மருந்து ஒரு கட்டத்தை அடைக்கிறது. மற்றது அதற்கடுத்த இன்னொரு கட்டத்தை. தனித்தனியாகக் கொடுத்தால் கிருமி பெருகாமல் நிற்கும், அவ்வளவுதான். சேர்த்துக் கொடுத்தால் பல கிருமிகள் செத்தே போகும். இதை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்க்கலாம். (தூக்க மாத்திரையோடு மது சேர்ந்தாலும் விளைவு பெருகத்தான் செய்யும்; மூச்சே நின்றுபோகலாம். கூட்டு என்றாலே நன்மை என்று யார் சொன்னது?)

கம்பெனி இணைப்பில் யார் அளக்கிறார்கள்? அமெரிக்காவில் இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல்லும் ஊடக நிறுவனமான டைம் வார்னரும் 2000 ஜனவரியில் இணைப்பை அறிவித்தபோது இதே சொல்லைத்தான் எல்லோரும் உச்சரித்தார்கள். 2002-ஆம் ஆண்டுக் கணக்கில் காட்டிய நஷ்டம் ஏறக்குறைய 9,900 கோடி டாலர். 2009-இல் இரண்டும் பிரிந்தே போயின.

ஆகவே, இனி இணைப்புச் செய்தி போடும்போது எந்தச் செலவு குறையும், எத்தனை கிளைகள் மூடப்படும், எத்தனை பேருக்கு வேலை போகும் என்று நிர்வாகத்திடம் கேட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டால், வரவில்லை என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை